அளவறிந்து பூட்டுவோம்: சிறிய காருக்கேற்ற டயரும் சக்கரமும்



கார் என்பது ஒரு காலத்தில் நம் ஊர்களில் செல்வந்தர் வீட்டு வாசலில் மட்டுமே காணக்கிடைத்த பொருளாக இருந்தது. 1983ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 சாலைக்கு வந்தபின் அந்நிலை மெல்ல மாறியது. வளைகுடா நாடுகளின் வெயிலில் உழைத்த தகப்பன்மார்களின் சேமிப்பு, ஒரு வீடாகவும் ஒரு சிறிய காராகவும் உருப்பெற்றது. இன்று காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், ஆம்பூர் என எந்த ஊரின் தெருவில் நுழைந்தாலும் வீட்டுக்கு வீடு சிறிய கார்கள் நிற்பதைக் காண்கிறோம். அல்ஹம்துலில்லாஹ்.

காரை வாங்கும்போது நிறம் பார்க்கிறோம், விலை பேசுகிறோம், எரிபொருள் எவ்வளவு குடிக்கும் என்று நான்கு பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் அந்த வாகனம் பூமியைத் தொடுகின்ற இடங்கள் நான்கே நான்குதான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மனிதனின் உள்ளங்கை அளவேயாகும். முதிய பெற்றோரும் மனைவி மக்களும் அமர்ந்திருக்கும் அந்த வாகனத்தைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த நான்கு உள்ளங்கைகளே. அவற்றைத் தேர்வு செய்யும் பொறுப்பையோ, டயர் கடைக்காரரிடமும் அழகை நாடும் வீட்டுப் பிள்ளையிடமும் விட்டுவிடுகிறோம்.

திருமறையின் 55ஆவது அத்தியாயமாகிய அர்ரஹ்மானில், வானத்தை உயர்த்திய இறைவன் தராசையும் அமைத்தான் என்றும், அந்த அளவில் மனிதர் வரம்பு மீறலாகாது என்றும் நமக்கு உணர்த்தப்படுகிறது. அளவு என்பது கடைத்தராசோடு முடிந்துவிடுவதன்று. பொறியாளர்கள் ஒரு வாகனத்தை அளந்து, நிறுத்து, சோதித்துக் குறித்துத் தந்த அளவுக்கும் ஒரு நியாயம் உண்டு. அந்த நியாயம் யாதென அறிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டயரில் எழுதப்பட்டிருப்பது என்ன?

உங்கள் காரின் டயரை அருகில் சென்று பாருங்கள். அதன் பக்கவாட்டில் எண்களும் எழுத்துகளும் அச்சாகியிருக்கும். எடுத்துக்காட்டாக, மாருதி ஸ்விஃப்ட் காரின் தொடக்க வகைகள் பலவற்றில் 165/80 ஆர்14 என்ற அளவைக் காணலாம்.

இதில் 165 என்பது டயரின் அகலம்; மில்லிமீட்டரில் சொல்லப்படுவது. 80 என்பது பக்கச்சுவரின் உயரம். இது மில்லிமீட்டர் அன்று, அகலத்தில் 80 விழுக்காடு என்று பொருள். ஆர் என்ற எழுத்து ரேடியல் எனும் உள்ளமைப்பைக் குறிக்கும். இந்த எழுத்தை ரிம்மைக் குறிப்பதாகப் பலர் கருதுகின்றனர், அது சரியன்று. கடைசியிலுள்ள 14 என்பதே ரிம்மின் விட்டம். இது மட்டும் அங்குலத்தில் சொல்லப்படுவது.

இந்த மூன்று எண்களைக் கொண்டு டயரின் மொத்த உயரத்தை நாமே கணக்கிட்டுவிடலாம். பாகப்பிரிவினைக் கணக்கில் எட்டில் ஒன்றும் ஆறில் ஒன்றும் பிரித்துப் பழகிய மத்ரஸா மாணவனுக்கு இது மிகவும் எளிது.

165இல் 80 விழுக்காடு 132. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்கள் இருப்பதால் 264 மில்லிமீட்டர். 14 அங்குல ரிம்மை 25.4ஆல் பெருக்கினால் 355.6 மில்லிமீட்டர். இரண்டையும் கூட்டினால் 619.6 மில்லிமீட்டர். இதுவே அந்தச் சக்கரத்தின் மொத்த விட்டம்.

இதே ஸ்விஃப்ட் காரின் உயர்விலை வகைகளில் 185/65 ஆர்15 அளவு பொருத்தப்பட்டு வந்துள்ளது. அதையும் கணக்கிடுங்கள். 185இல் 65 விழுக்காடு 120.25, இருமடங்கு 240.5, 15 அங்குலத்துக்கு 381. மொத்தம் 621.5 மில்லிமீட்டர். ரிம் ஓர் அங்குலம் பெரிதாயிற்று. டயர் 20 மில்லிமீட்டர் அகலமாயிற்று. ஆயினும் மொத்த உயரத்தில் 2 மில்லிமீட்டர்கூட வேறுபடவில்லை. ரிம் வளர்ந்த அளவுக்குப் பக்கச்சுவரைக் குறைத்து, மொத்த உயரத்தை மாறாமல் காத்துள்ளனர். ரிம்மைப் பெரிதாக்க விரும்புவோர் கற்றுக்கொள்ள வேண்டிய முதற்பாடம் இதுவே.

உயரம் மாறினால் நேர்வது யாது?

பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் இடையே மொத்த விட்டத்தில் 3 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கலாகாது என்பது இத்துறையினர் பொதுவாகக் கைக்கொள்ளும் வரம்பு. எவ்வளவு குறைவோ அவ்வளவு நலம்.

அதே ஸ்விஃப்ட் காருக்கு, கம்பீரமாகத் தோன்ற வேண்டுமென்று 205/65 ஆர்15 டயரைப் பூட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதன் விட்டம் 647.5 மில்லிமீட்டர். வேறுபாடு 27.9 மில்லிமீட்டர், அதாவது 4.5 விழுக்காடு. இதனால் விளைவன பல.

முதலாவதாக, ஸ்பீடோமீட்டர் பிழையாகக் காட்டும். அந்தக் கருவி சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்பதை வைத்தே வேகத்தைச் சொல்கிறது. சக்கரம் பெரிதாகிவிட்டால் ஒவ்வொரு சுழற்சியிலும் கார் கூடுதல் தூரம் செல்லும். கருவியின் முள், மெய்யான வேகத்தைவிட 4.3 விழுக்காடு பின்தங்கிவிடும். கார்களின் ஸ்பீடோமீட்டர் பொதுவாகச் சற்றுக் கூடுதலாகவே வேகம் காட்டும்படி அமைக்கப்படுவது. அந்தப் பாதுகாப்பு இடைவெளியை இந்த மாற்றம் தின்றுவிடுகிறது.

இரண்டாவதாக, ஓடிய தூரத்தின் கணக்கும் பிழையாகும். 1,045 கிலோமீட்டர் ஓடியபின் கருவி 1,000 என்றே காட்டும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாவதுபோல் தோன்றும். அத்துடன், பெரிய, கனமான சக்கரத்தைச் சுழற்ற எஞ்சின் கூடுதலாக உழைப்பதால் மெய்யாகவே மைலேஜும் குறையும். சிறிய கார்களின் எஞ்சின்கள் சிறியவை. ஏற்காடு, கொடைக்கானல் போன்ற மலையேற்றங்களில் இக்குறை நன்கு வெளிப்படும்.

மூன்றாவதாக, பிரேக்கின் வேலை கடினமாகும். பிரேக்கின் ஆற்றல் மாறவில்லை. அது அடக்க வேண்டிய சக்கரமோ பெரிதாகவும் கனமாகவும் ஆகிவிட்டது.

நான்காவதே எல்லாவற்றிலும் கவனத்துக்குரியது. டயர் உள்ளே உரசத் தொடங்கும். சக்கரத்தின் மேல்விளிம்பு மட்கார்டை 14 மில்லிமீட்டர் நெருங்கிவிடுகிறது. அகலமும் பக்கத்துக்கு 20 மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. கடையில் ஓட்டுநர் ஒருவர் மட்டும் அமர்ந்து ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு நிக்காஹ் வைபவத்துக்குச் செல்ல ஐந்து பேர் ஏறி, பின்னால் பெட்டிகளும் சீர்த்தட்டுகளும் அடுக்கப்பட்டபின், வேகத்தடையில் ஏறி இறங்கும்போதோ, ஸ்டியரிங்கை முழுமையாக ஒடித்துத் திருப்பும்போதோ, கரகரவென்ற ஓசை கேட்கும். அந்த ஓசை, மட்கார்டின் விளிம்பு டயரைச் சீவும் ஓசை. இப்படிச் சீவப்பட்ட டயர் நெடுஞ்சாலையின் வேகத்தில் வெடிக்குமாயின் அதன் விளைவை நான் விவரிக்க வேண்டியதில்லை.

உயரம் சரியாயிருந்தால் மட்டும் போதுமா?

போதாது. இதற்கும் ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். அதே காருக்கு 195/50 ஆர்16 டயரும் 16 அங்குல அலாய் வீலும் பொருத்தலாம் என்று ஒருவர் யோசனை கூறுகிறார். கணக்கிட்டால் 601.4 மில்லிமீட்டர் வருகிறது. 3 விழுக்காட்டு வரம்புக்குள் சற்றேறக்குறைய அடங்கிவிடுகிறது. ஆனால் பக்கச்சுவரைப் பாருங்கள்: 132 மில்லிமீட்டராக இருந்தது 97.5ஆகச் சுருங்கிவிட்டது.

பக்கச்சுவர் என்பது காற்றடைத்த தலையணை போன்றது. பள்ளத்தின் அடியைத் தான் வாங்கிக்கொண்டு, ரிம்மையும் சஸ்பென்ஷனையும், பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பெரியவரின் முதுகெலும்பையும் காப்பது அதுதான். அது மெலிந்துவிட்டால், மழைக்காலத்துப் பள்ளமொன்றில் விழுந்த மாத்திரத்தில் ரிம் வளையும். அல்லது உள்நூல் அறுந்து டயரின் பக்கத்தில் புடைப்பு உண்டாகும். அவ்வாறு புடைத்த டயரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மேலும், விட்டம் குறைந்ததால் காரின் அடிப்பாகமும் 9 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். நம் ஊர் வேகத்தடைகளை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

எடை தாங்கும் எண்

அளவை அடுத்து, 85டி என்பதுபோல் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் காணப்படும். எண் என்பது அந்த டயர் தாங்கக்கூடிய எடையின் குறியீடு. 85 என்றால் 515 கிலோ. எழுத்து என்பது தாங்கக்கூடிய உச்ச வேகத்தைக் குறிக்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். டி என்றால் 190. எச் என்றால் 210. அவ்வளவு வேகத்தில் செல்லலாம் என்று யாரும் இதற்குப் பொருள் கொள்ளலாகாது. டயரின் உறுதிக்கு அது ஓர் அடையாளம், அவ்வளவே.

பெரிய ரிம் என்றால் கூடுதல் எடை தாங்கும் என்று பலர் எண்ணுகின்றனர். இங்கேதான் ஏமாறுகிறோம். 2023இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட ஆல்டோ 800 காரின் டயர் 145/80 ஆர்12. அதன் வழக்கமான எடைக் குறியீடு 74; அதாவது 375 கிலோ. இதற்குப் பதிலாக 13 அங்குல ரிம்மும் 155/65 ஆர்13 டயரும் பொருத்தினால், உயரம் 536.8 மில்லிமீட்டரிலிருந்து 531.7ஆக மாறும்; வேறுபாடு 1 விழுக்காடுகூட இல்லை. ஆனால் அந்த டயரின் வழக்கமான குறியீடு 73. அதாவது 365 கிலோ. ரிம் பெரிதாயிற்று, டயருக்குள் அடங்கும் காற்றும் தாங்கும் எடையும் குறைந்தன. ஆகவே புதிய டயரின் எடைக் குறியீடும் வேக எழுத்தும் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருத்தல் வேண்டும் என்பதை உறுதியாகக் கொள்ளுங்கள்.

ரிம் விஷயத்தில் நான்கு அளவுகள்

அலாய் வீல் வாங்குவோர் பெரும்பாலும் அதன் வடிவழகையே பார்க்கின்றனர். பார்க்க வேண்டியவை வேறு நான்கு உள்ளன.

ஒன்று, நட்டுகளின் வட்டம். கடைகளில் இதனைப் பி.சி.டி. என்பர். நட்டுகளின் மையங்களைத் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டம் இது. சிறிய கார்களில் நான்கு நட்டுகளும், 100 அல்லது 114.3 மில்லிமீட்டர் வட்டமும் பரவலாக உள்ளன. நான்கு நட்டு என்பதாலேயே ஒன்றின் ரிம் மற்றொன்றுக்குச் சேர்ந்துவிடாது. துளையை இழைத்துப் பெரிதாக்கிப் பூட்டித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால், அக்கடையை விட்டு வெளியேறிவிடுங்கள்.

இரண்டு, நடுத்துளை. அது காரின் ஹப்பில் சரியாக அமர வேண்டும். துளை பெரிதாயிருப்பின் அதற்குரிய வளையம் இட வேண்டும். இல்லையெனில் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

மூன்று, ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே இது. 45 என்றிருந்த ஆஃப்செட் 35 ஆனால் சக்கரம் 10 மில்லிமீட்டர் வெளியே துருத்தும். அதனால் வீல் பேரிங்கின் மீது சுமை கூடும். சேறும் கல்லும் காரின் பக்கவாட்டில் தெறிக்கும்.

நான்கு, ரிம்மின் அகலம். ஒவ்வொரு டயருக்கும் ஏற்ற ரிம் அகலம் உண்டு. 185/65 அளவுள்ள டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம் வரை ஏற்கப்படுகிறது, 5.5 அங்குலமே அதன் வழக்கமான அளவு. குறுகிய ரிம்மில் அகன்ற டயரைத் திணித்தால், திருப்பங்களில் டயர் உருண்டு புரளும். நடுப்பகுதி மட்டும் விரைவில் தேயும்.

அலாய் வீலுக்கு மாறியவர்கள், அதற்குரிய நட்டுகளையே பயன்படுத்த வேண்டும். நட்டின் அடிப்பகுதி கூம்பு வடிவிலும் இருக்கலாம், உருண்டை வடிவிலும் இருக்கலாம். மாறினால் பிடிப்பு இராது. பூட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது அவசியம். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருக்குமாயின், அதற்குப் பழைய நட்டுகளையும் காரிலேயே வைத்திருங்கள். நள்ளிரவில் பஞ்சராகி நிற்கும்போது இந்த முன்யோசனை உங்களுக்கு உதவும்.

வயதும் காற்றும்

சரியான அளவில் பழைய டயரைப் பூட்டுவதால் பயனில்லை. டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் காணப்படும். 2324 என்றிருந்தால், 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் அது உருவாக்கப்பட்டது என்று பொருள். ரப்பர் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் முதுமையடையும். ஆண்டுக்கணக்கில் கடையிலேயே கிடந்த டயரைப் புதியது என்று வாங்கிவிடாதீர்கள்.

பட்டன் தேய்ந்த டயர் மழையில் நீரை வெளியேற்றாது, கார் வழுக்கும். கார்களின் டயரில் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டு விதி. பட்டன்களுக்கிடையே உள்ள பள்ளத்தில் சிறு மேடுகள் அமைக்கப்பட்டிருக்கும். பட்டன் தேய்ந்து அம்மேட்டுக்குச் சமமாகிவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

காற்றின் அளவு, ஓட்டுநர் பக்கத்துக் கதவின் சட்டத்தில் ஒட்டப்பட்ட சீட்டிலும் கையேட்டிலும் இருக்கும். உங்கள் மாடலுக்கு உற்பத்தியாளர் குறித்த டயர் அளவுகளையும் அங்கேயே காணலாம். நிறைந்த பாரத்துக்குத் தனி அளவு தரப்பட்டிருந்தால், குடும்பத்தோடு நெடும்பயணம் செல்லும் நாளில் அதையே பின்பற்றுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சோதிப்பதே முறை.

சட்டம் என்ன சொல்கிறது?

உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதனை வலியுறுத்தியது. ஆகவே, நம் மாடலின் ஏதேனும் ஒரு வகைக்கு உற்பத்தியாளரே அங்கீகரித்த அளவுகளுக்குள் நின்றுகொள்வதே எல்லா வகையிலும் பாதுகாப்பானது. அழகுக்காக அலாய் வீல் வேண்டுமென்று மகன் விரும்பினால், அவனைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. உயர்விலை வகையில் வரும் அளவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவன் விருப்பமும் நிறைவேறும். வாப்பாவின் மனமும் நிம்மதியடையும்.

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இப்போதுள்ள டயரின் முழு அளவு, எடைக் குறியீடும் வேக எழுத்தும், கதவுச் சீட்டிலுள்ள அளவுகள், புதிய அளவின் விட்டக் கணக்கு. கடையில் உற்பத்தி வாரத்தைப் பாருங்கள். ரசீது கேளுங்கள். முன்னிரண்டு டயர்களும் ஒரே அளவிலும் ஒரே வகையிலும் இருக்கட்டும்; பின்னிரண்டும் அவ்வாறே. பேலன்சிங்கும் வீல் அலைன்மென்ட்டும் செய்யாமல் திரும்பாதீர்கள். அளவை மாற்றியிருப்பின், ஐவரை ஏற்றி, இருபுறமும் ஸ்டியரிங்கை முழுமையாகத் திருப்பி, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கிப் பார்த்த பின்னரே பணத்தைத் தீர்த்துக் கொடுங்கள்.

டயர் வணிகத்திலும் வாகன உதிரிப்பாக வணிகத்திலும் நம் சகோதரர்கள் பலர் உள்ளனர். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்த வரலாற்றை நாம் அறிவோம். மொட்டை டயருக்குக் கத்தியால் பட்டன் வெட்டி, கறுப்புச் சாயம் பூசி விற்பதும், காருக்குப் பொருந்தாத ரிம்மைப் பொருந்தும் என்று தலையில் கட்டுவதும் அந்த நனைந்த தானியத்தைவிடக் கொடியவை. தானியத்தில் இழப்பது பணம்; இங்கே ஒரு குடும்பமே பலியாகக்கூடும்.

ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுப் பின்னர் இறைவனிடம் பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு தோழருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. வாகனத்தில் ஏறியதும் பயண துஆவை ஓதுகிறோம். அதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நான்கு டயர்களையும் ஸ்டெப்னியையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது, ஒட்டகத்தைக் கட்டும் கடமையைச் சேர்ந்ததேயாகும். வரும் விடுமுறையில் உறவினரைக் காணப் புறப்படுமுன், பிள்ளைகளையும் அருகே அழைத்து, டயரிலுள்ள எண்களைப் படிக்கச் சொல்லிக் கணக்கிட வையுங்கள். இன்ஷா அல்லாஹ், நாளை அவர்கள் ஓட்டும் வாகனங்களும் பத்திரமாக வீடு திரும்பும்.